இணைந்தாடுவார் சிறியரோ?

டென்னிஸில் இரட்டையராட்டம் என்பது தனியாட்டத்தில் நின்று பொரமாட்டாதார் ஒதுங்கும் திண்ணை என்று கூறுவாருமுளர். சானியா மிர்சாவின் ஆட்டவாழ்க்கையைப் பற்றிப் பேச்சு நேருந்தோறும் நம் கல்லூரி மகளிர் விடுதியிலும் இக்கூற்று தலைதூக்குகின்றது. “அவர் உலகில் முதலிடம் பெற்றாரெனின் அஃது இரட்டையராட்டத்திலன்றோ?” என்பர், அவ்வளவில் வழக்குத் தீர்ந்ததுபோல எழுந்தும் போவர். வழக்கு இன்னும் தீர்ந்திலது என்பது எம் கருத்து. அதனை இப்பக்கங்களிற் சிறிது விரித்துரைக்க விழைகின்றோம்.

முதற்கண் அவ்வம்மையாரின் வரலாற்றையே நோக்குவோம். சானியா 1986-ஆம் ஆண்டு மும்பையிற் பிறந்து ஐதராபாத்தில் வளர்ந்தவர். 2003-இல் விம்பிள்டனில் இளம்பெண்களுக்கான பட்டத்தை அவர் வென்றது இரட்டையராட்டத்தில். உடனாடியவர் ருஷ்ய நாட்டு அலிசா கிளெய்பனோவா. அடுத்த ஆண்டு ஐதராபாத்திலேயே லீசெல் ஹியூபருடன் இணைந்து, தொழில்முறை மகளிர் டென்னிஸில் தம் முதற் பட்டத்தைப் பெற்றார்; அதுவும் இரட்டையராட்டமே. தனியாட்டப் பட்டம் அதற்கும் ஓராண்டு பிந்தி, 2005-இல், அதே நகரில் வந்தது. ஆகவே தனியாட்டத்திற் களைத்த பின்னரே இரட்டையராட்டத்துக்கு வந்தார் என்னும் உரை கால வரிசைக்கே முரணாவது. முதன்முதல் அவருக்குக் கதவு திறந்துவிட்டது இணையாட்டமே.

தனியாட்டத்திலேனும் அவர் சிறியராயிருந்தாரோவெனின், அதுவுமின்று. அவருக்கு முன்னர் நம் தமிழ்நாட்டுக் கோயம்புத்தூரிற் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998-இல் ஆஸ்திரேலியப் பெருந்தொடரில் முதற்சுற்றை வென்றதே பெருஞ்செய்தியாயிருந்தது. சானியாவோ 2005-இல் அமெரிக்கப் பெருந்தொடரின் நான்காஞ் சுற்றுவரை சென்றார்; 2007 ஆகஸ்டில் உலக வரிசையில் 27-ஆம் இடத்தை எய்தினார். இந்தியப் பெண்மணி வேறெவரும் இன்றளவும் அவ்விடத்தை எட்டிலர். பின்னர் மணிக்கட்டு நோவும் முழங்கால் நோவும் அவரைத் தொடர்ந்தன. அறுவைச் சிகிச்சைகள் நிகழ்ந்தன. 2013-இல் தனியாட்டத்தை முற்றும் விடுத்தார்.

விடுத்தது தோல்வியன்றோ எனின், கூறுதும். உடல் ஒரு வேலைக்கு ஒவ்வாதெனக் கண்டு, தாம் முன்னரே நன்கறிந்த பிறிதொரு வேலையில் தம் முழு ஆற்றலையும் செலுத்துதல் தோல்வியாயின், கல்லூரிப் படிப்பில் கணக்கை விடுத்துத் தமிழை மேற்கொண்ட எம்போல்வாரெல்லாரும் தோற்றவரேயாவர். (அங்ஙனம் கருதும் உறவினர் எமக்குச் சிலருளர், அது நிற்க.)

இரட்டையராட்டம் தனியாட்டத்தின் பாதியன்று. அது வேறோர் ஆட்டம். களத்தின் நீளம் இரண்டிற்கும் 78 அடியே. அகலமோ தனியாட்டத்துக்கு 27 அடி, இரட்டையர்க்கு 36 அடி. பக்கத்துக்கு நாலரை அடி கூடுகின்றது. இச்சிறு கூடுதல் ஆட்டத்தின் இயல்பையே மாற்றிவிடுகின்றது. தனியாட்டத்தில் ஒருவர் பின்கோட்டருகே நின்று எதிரியைச் சலிப்புறச் செய்தே வெல்லலாம். ஈண்டு அது செல்லாது. வலையருகே ஒருவர் எப்பொழுதும் பருந்துபோற் காத்து நிற்பர். பந்து சற்றே உயர்ந்து வருமாயின் அக்கணமே அடித்து வீழ்த்துவர். ஆதலின் பின்னிற்பவர் அடிக்கும் ஒவ்வோரடியும் தாழ்வாகவும், விரைவாகவும், எதிரணியின் வலைக்காவலர் கைக்கு எட்டாமலும் செல்லவேண்டும். ஓர் அடி வன்மையிற் குறைந்தாலும் அதற்குரிய தண்டம் அடித்தவர்க்கன்று, முன்னே நிற்கும் துணைவர்க்கே விழும். பந்து அவர் மேலன்றோ பாய்ந்து வரும்! வலையருகே நிற்பவர் தம் கையை முதுகின்பின் மறைத்து விரல்களாற் குறிகாட்டுதலைத் தொலைக்காட்சியிற் கண்டிருப்பீர்கள். இப்பந்துக்கு யாம் குறுக்கே பாய்வோம், அல்லது நிற்போம், என்பதே அக்குறியின் பொருள். பின்னிற்பவர் அதனை நம்பித் தம் செர்வீஸை அடிக்கின்றார். நம்பிக்கை பிழைத்தால் பாதிக் களம் வெறுமையாய்க் கிடக்கும்.

சானியாவின் பெருவலி வலக்கை முன்னடி. ஆட்டக்காரர் அதனை ஃபோர்ஹேண்ட் என்பர். மிக வன்மையானது, எங்கிருந்து புறப்படும் என எதிரணியார் கணிக்குமுன்னரே சென்றுவிடும். களத்திற் குறுக்கும் நெடுக்கும் ஓடுதலில் அவர் அத்துணை வல்லரல்லர். இதனை அவர்தம் அன்பர்களும் மறுப்பதில்லை. மார்ட்டினா ஹிங்கிஸோ மறுதலை. அவர்தம் செர்வீஸ் மெல்லியது. ஆயின் வலையருகே அவருக்கு நிகரானோர் மிகச் சிலரே. பின்னிருந்து ஒருவர் இடித்துத் திறக்க, முன்னிருந்து மற்றவர் முடித்துவைக்க, இவ்விருவரும் 2015 மார்ச்சில் இந்தியன் வெல்ஸில் முதன்முறை இணைந்து ஆடி அத்தொடரை வென்றனர். அடுத்து மயாமி, அடுத்துச் சார்ல்ஸ்டன். மூன்று தொடர்களும் முடிந்த ஏப்ரல் 13-ஆம் நாள் சானியா உலக இரட்டையர் வரிசையில் முதலிடத்தில் அமர்ந்தார். அவ்வாண்டில் மட்டும் அவ்விருவரும் ஒன்பது பட்டங்கள் வென்றனர். ஒரு கட்டத்தில் 41 ஆட்டங்கள் தோல்வியின்றித் தொடர்ந்தன.

ஹிங்கிஸ் யாரென்பதையும் ஈண்டு நினைதல் வேண்டும். அவர் ஐந்து பெருந்தொடர்களில் தனியாட்டப் பட்டம் வென்றவர். 1997-இலேயே தனியாட்டத்தில் உலகில் முதல்வராயிருந்தவர். அத்தகையார் ஓய்வினின்று மீண்டு வந்து ஆடத் தேர்ந்தது இரட்டையராட்டத்தையே. திண்ணையென்று இகழ்வோர் இதற்கு யாது விடை கூறுவரோ அறியோம்.

2015 ஜூலை 11-ஆம் நாள் விம்பிள்டன் நடுவரங்கில் நிகழ்ந்த இறுதியாட்டத்தைச் சிறிது நின்று நோக்கல் தகும். எதிரணியினர் ருஷ்ய நாட்டு எகாத்தரினா மகரோவாவும் எலெனா வெஸ்னினாவும். முதற்செட்டைச் சானியாவும் ஹிங்கிஸும் 5–7 என இழந்தனர். இரண்டாவதனை 7–6 என அரிதின் மீட்டனர். மூன்றாவதில் 2–5 எனப் பின்தங்கினர். இன்னும் ஓர் ஆட்டம் எதிரணியினர் வென்றிருப்பின் எல்லாம் முடிந்திருக்கும். அந்நிலையினின்று மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று 5–5 என நேர்செய்தனர். அப்பொழுது மாலையொளி மங்கிற்று. ஆட்டத்தை நிறுத்தி, அரங்கின் கூரையை மூடி, விளக்கேற்றினர். மீண்டும் வந்து எஞ்சிய இரு ஆட்டங்களையும் வென்றனர், 7–5. இந்தியப் பெண்மணி ஒருவர் பெருந்தொடரில் மகளிர் இரட்டையர் பட்டம் பெற்றது அதுவே முதன்முறை. அதன்பின் அவ்வாண்டே அமெரிக்கப் பட்டமும், 2016 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பட்டமும் அவர்களுக்கு வந்தன. கலப்பு இரட்டையரில் முன்னரே மூன்று பெருந்தொடர்ப் பட்டங்கள் சானியாவுக்குண்டு: மகேஷ் பூபதியுடன் 2009-இல் ஆஸ்திரேலியாவிலும் 2012-இல் பிரான்சிலும், புரூனோ சோரஸுடன் 2014-இல் அமெரிக்காவிலும்.

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்கே தோன்றும் ஓர் எண்ணத்தைக் கூறாது செல்ல மனமில்லை. தொகைச் சொற்களுள் உம்மைத்தொகை ஒன்றே இரு சொல்லும் ஒத்த பெருமையுடன் நிற்பது. ஏனையவற்றுள் ஒன்று தலைமை தாங்க மற்றது அதனைச் சார்ந்து நிற்கும். கபிலரும் பரணரும் என்பதனைக் கபிலபரணர் எனத் தொகுக்கும்போது யார் பெரியர் யார் சிறியர் என்னும் வினாவிற்கே இடமில்லை. ஈற்றில் பலர்பால் விகுதி வந்து இருவரையும் ஒருங்கே போற்றுகின்றது. ஆட்ட விரும்பிகள் சானியாவையும் மார்ட்டினாவையும் சேர்த்துச் ‘சான்டினா’ எனப் பெயரிட்டு மகிழ்ந்தனர். அஃது ஒருத்தியின் பெயர்போல ஒலித்தலின் இலக்கணத்துக்கு ஒவ்வாது. ‘சானியாமார்ட்டினர்’ என்றிருப்பின் நன்னூலார் மகிழ்ந்திருப்பர். இரட்டையரை இகழ்வோரெல்லாரும் உம்மைத்தொகையை வேற்றுமைத்தொகையாக விரித்துப் பொருள்கொள்வோரே என்பது எம் துணிபு. ஹிங்கிஸால் சானியா வென்றார் என்று மூன்றாம் வேற்றுமை கொடுத்துவிடுகின்றனர்!

அவ்வுருபு பொருந்தாமைக்குச் சான்று வேண்டுமோ? ஹிங்கிஸுடன் சேருமுன்னரே, 2014-இல் சிங்கப்பூரில் ஆண்டிறுதிப் பட்டத்தை ஜிம்பாப்வே நாட்டுக் காரா பிளாக்குடன் சானியா வென்றார். இறுதியாட்டத்தில் எதிரணியினர் பெற்றது ஓர் ஆட்டமே. 2016 ஆகஸ்டில் சானியாவும் ஹிங்கிஸும் பிரிந்தனர். பிரிந்த சில நாட்களிலேயே சின்சினாட்டி இறுதியாட்டத்தில் எதிரெதிர் நிற்க நேர்ந்தது. செக் நாட்டுப் பார்போரா ஸ்ட்ரிகோவாவுடன் ஆடிய சானியா, கோகோ வேண்டவேயுடன் ஆடிய ஹிங்கிஸை 7–5, 6–4 என வென்றார். அதுவரை இருவரும் பகிர்ந்திருந்த உலக முதலிடம் அன்றுமுதல் சானியா ஒருவருக்கே உரியதாயிற்று. இத்துணையும் நிகழ்ந்தபின் பகை மூண்டிருக்குமென்று எண்ணுவோம். இல்லை, அவ்வாண்டு இறுதித்தொடரில் மீண்டும் ஒருங்கே ஆடினர். வெஸ்னினாவின் கதையும் இத்தகையதே. 2011-இல் பிரெஞ்சுத் தொடரின் இறுதிவரை சானியாவுடன் சென்று உடன் தோற்றவர் அவர். 2015 விம்பிள்டனில் எதிரே நின்றவரும் அவரே. 2016 பிப்ரவரியில் தோகாவில் அந்த 41 ஆட்ட வெற்றித் தொடரை அறுத்த இருவருள் ஒருவரும் அவரே. நேற்றைய துணைவர் இன்றைய எதிரி, நாளை மீண்டும் துணைவர் என்னும் இவ்வாழ்க்கையில் மனங்கசவாது ஒழுகுதல் தனியாடுவார்க்குத் தேவைப்படாத ஒரு கல்வி.

ஆயினும் அவ்விணைப்பு ஆடுவோர் தாமே தேர்ந்ததாயிருத்தல் வேண்டும். 2012 இலண்டன் ஒலிம்பிக்குக்குமுன் நிகழ்ந்ததை நினைமின். ஆடவர் இரட்டையரில் யார் யாருடன் ஆடுவது என்னும் பூசல் முற்றி, அதனைத் தீர்ப்பதற்காகச் சானியா யாருடன் கலப்பு இரட்டையர் ஆடவேண்டும் என்பதை அவரைக் கேளாமலே பிறர் முடிவு செய்தனர். அவ்வாண்டு ஜூனிலேதான் பூபதியுடன் பிரெஞ்சுப் பட்டம் வென்றிருந்தார்; அவ்விணை கலைக்கப்பட்டு லியாண்டர் பயஸுடன் அனுப்பப்பட்டார். பயஸ் பேராட்டக்காரர் என்பதில் யார்க்கும் ஐயமில்லை. வினா அதுவன்று. ஆடவர் ஒருவரின் மனத்தாங்கலை ஆற்றுதற்குத் தம்மை இரையாக வைத்தனர் எனச் சானியா அன்றே எழுத்தால் வெளிப்படுத்தினார். நாட்டுக்காக ஆடவும் செய்தார், காலிறுதியில் தோற்றனர். நம் இல்லங்களில் பெண்மக்களின் இணை எங்ஙனம் முடிவுசெய்யப்படுகின்றது என்பதை அறிந்தோர்க்கு இச்செய்தியில் வியப்பொன்றும் இராது. அவர் வாய்திறந்து சொன்னதே வியப்பு.

எதிர்த்தரப்பில் உண்மை இல்லையென்று கூறமாட்டோம். பெருந்தொடரின் தனியாட்டத்தில் 128 பேர். வெல்ல ஏழு ஆட்டங்கள் வேண்டும். மகளிர் இரட்டையரில் 64 இணைகள். ஆறு ஆட்டங்கள் போதும். தனியாட்டத்தின் தலைசிறந்தோர் பலர் இரட்டையரில் ஆடுவதுமில்லை. ஆதலின் இரண்டு முதலிடங்களும் ஒரே மலையின் ஒரே முகடல்ல என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஊதியமும் அங்ஙனமே. 2015 விம்பிள்டனில் தனியாட்டம் வென்றார்க்கு 18,80,000 பவுன்; இரட்டையர் வென்றார்க்கோ இருவர்க்கும் சேர்த்து 3,40,000 பவுன். தலைக்குப் பகிரின் தனியாட்ட வெற்றியாளர் பெற்றதில் பதினொன்றில் ஒரு பங்கு. ஆட்டத்தின் கடுமை பதினொன்றில் ஒரு பங்கா? காண வருவோர் தொகையை வைத்துக் கணக்கிட்டனர் என்பர். காண்போர் ஏன் வருவதில்லை? சிறியது எனச் சொல்லிச் சொல்லி அவர்களைப் பழக்கியவர் யார்?

தன் வரலாற்று நூலை 2016-இல் வெளியிட்டபோது தொலைக்காட்சிச் செய்தியாளரொருவர் சானியாவை நோக்கி, இல்வாழ்வில் நிலைபெறுவது எப்பொழுது, தாய்மை எப்பொழுது என வினவினார். உலகில் முதலிடத்திலிருக்கும் தாம் இன்னும் நிலைபெறாதவராகவோ தோன்றுகின்றோம் என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார்; செய்தியாளர் அவ்விடத்திலேயே வருத்தந் தெரிவித்தார். 2018 அக்டோபரில் அவருக்கு ஆண்மகவு பிறந்தது. 2020 ஜனவரியில் ஹோபார்ட் நகரில் உக்ரேனிய நாட்டு நாடியா கிச்செனோக்குடன் ஆடி, மீண்டு வந்த முதற்றொடரையே வென்றார். 2023 பிப்ரவரியில் துபாயில் ஆட்டத்தினின்று ஓய்வுபெற்றபோது அவர்க்கு வயது 36. மகளிர் இரட்டையர் பட்டங்கள் 43. உலக முதலிடத்திலிருந்த வாரங்கள் 91. முழங்காலும் மணிக்கட்டும் பழுதுற்ற ஒருவர், இருபத்தாறாம் வயதில் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டியவர், பின்னும் பத்தாண்டு ஆடினார். அப்பத்தாண்டை அவருக்கு ஈந்தது இரட்டையராட்டம்.

எம்மூர் புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டை. அங்கு டென்னிஸ் களம் யாம் கண்டதில்லை. செம்மண் வெளியில் கபடி ஆடுவோம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பெண்கள் அவ்வெளிக்கு வருவது தானே நின்றுவிடும். யாரும் தடுப்பதுமில்லை, அழைப்பதுமில்லை. ஆயின் இணைந்து செய்யும் தொழில் எத்தகையது என்பதை எம் மாவட்டத்துப் பெண்கள் அறியாதவரல்லர். 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சித்தலைவராயிருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரம் பெண்கள் புதுக்கோட்டைச் சீமையிற் சைக்கிள் பழகினர். ஏளனம் செய்தோர் செய்துகொண்டேயிருக்க, இவர்கள் பழகிக்கொண்டேயிருந்தனர். எம் அம்மாயியும் அவர்களுள் ஒருவர். சைக்கிள் பழகுதற்கு இருவர் வேண்டும். ஒருத்தி மேலேற, ஒருத்தி பின்னிருக்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடவேண்டும். “பின்னாலே பிடித்தவளுக்கு மூச்சு, ஓட்டினவளுக்குப் பேர்” என்று அம்மாயி இன்றும் நகைப்பர். அவர் ஓட்டியவரோ பிடித்தவரோ என்று கேட்டோம். மாறி மாறி என்றார்.

இனி நம் கல்லூரி. ஆண்டுதோறும் நிகழும் மகளிர் இறகுப்பந்துப் போட்டியில் தனியாட்ட இறுதி மாலை ஐந்து மணிக்கு, முதல்வரும் ஆசிரியர்களும் அமர்ந்திருக்க நிகழ்கின்றது. இரட்டையர் இறுதி நண்பகலில், உணவு மணி அடித்தபின், யாருமற்ற அரங்கில் நிகழ்கின்றது. தனியாட்டத்தில் வென்றார் பெயர் சுவர்ப்பலகையில் ஏறும். இரட்டையர் பெயர் ஏறுவதில்லை. இடமில்லை என்கின்றனர். பலகையை அளந்து பார்த்தோம். கீழே ஒன்றரை அடி வெறுமையாயிருக்கின்றது. வரும் ஆண்டில் இரட்டையர் இறுதியையும் மாலையில் வைக்குமாறும், அவ்வொன்றரை அடியில் இருவர் இருவராகப் பெயர் எழுதுவிக்குமாறும் விளையாட்டுக் குழுவினரை வேண்டிக்கொள்கின்றோம். எழுதும்போது இருவர் பெயருக்கும் நடுவே ‘உம்’ வந்தாலும் சரி, தொக்கு நின்றாலும் சரி.